அக்கா இரண்டு முறை கண் சிமிட்டினாள்

போன மாதம் ஒரு மத்தியான வேளை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயியின் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிய கம்பியை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த போனில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. சிரித்த முகமாக ஒரு பெண், அவள் தலைக்கு மேல் தங்க நிறத்தில் சுழலும் ஒரு காசு, கீழே பெரிய எழுத்தில் ‘நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.’ காசி, ராமேஸ்வரம் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி அவ்வளவு சாவகாசமாக எழுதியிருந்தார்கள். போனைத் தூக்கி வார்னிஷ் டப்பாவுக்குள் முக்கிவிடலாமா என்று இருந்தது. நான் பல்லைக் கடித்த சத்தம் கேட்டு மோட்டார்க்காரர் பயந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, மோட்டார் மொத்தமும் போச்சா?” என்றார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பினேன். அவர் டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் அந்த விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வரும். சங்கரன்கோவிலில் இருபது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மோட்டாரை எரித்துக் கொண்டுவருபவர்களை நான் திட்டிய திட்டு ராயகிரி வரைக்கும் பிரசித்தம். இளையரசனேந்தல் பக்கத்து விவசாயி ஒருவர், தண்ணீர் வராத போர்வெல்லில் மோட்டாரை ஓட விட்டுவிட்டுத் தூங்கி எரித்துவிட்டு வந்தார். அவரை நான் பேசிய பேச்சுக்கு இன்றைக்கும் என் கடை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். ஆனால் அந்தக் கோபமெல்லாம் நாலு நிமிஷக் கோபம். இப்போது எழுதப் போகும் கோபம் அப்படிப்பட்டதல்ல. இது இரண்டு வருஷமாக வயிற்றில் கிடந்து எரிகிறது. இதில் பாதி அரசாங்கத்தின் மேல், பாதி என் மேல். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாததால்தான் எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகளை ராயகிரியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பாவாடை கட்டிய வயதில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். கம்பெனியில் அவள் பேரில் பாஸ் போட்டு இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. பாஸ் என்றால் ஒரு சின்னப் புத்தகம்தான். யார் பேரில் பாஸ் இருக்கிறதோ அவர் பேரில்தான் சுற்றிய பீடி ஏறும், கூலி வரும், பி.எஃப். சேரும். அந்தப் புத்தகத்தை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பீடிப் பெண்களுக்கு அந்த பி.எஃப். பணம்தான் வாழ்நாளில் மொத்தமாகக் கையில் பார்க்கிற ஒரே பணம். பாஸை முடித்து ஒப்படைத்தால்தான் அது வரும். முடித்துவிட்டால் மறுபடி பாஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பி.எஃப். பணம் வர பேங்க் கணக்கு வேண்டும் என்று கம்பெனியில் சொன்னபோது அக்காவைக் கூட்டிப்போய்க் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவன் நான். அவளிடம் அப்போது பட்டன் போன்தான். அதையும் பாதி நாள் சார்ஜ் போட மறந்துவிடுவாள். அதனால் கணக்குக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். பான் கார்டும் எடுத்தேன். ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் என் கடை மேஜை டிராயரிலேயே கிடந்தன. எங்கள் ஊரில் இதெல்லாம் யாரும் தப்பாக நினைக்காத ஏற்பாடு. அக்காமார்களின் கணக்கைத் தம்பிமார்கள் பார்த்துக்கொள்வார்கள். தம்பிமார்களுக்கு வரும் பணமும் பல நேரம் அக்காமார்களின் கணக்கில்தான் விழும். ஏனென்றால் கடை வைத்திருக்கிற ஆம்பளைகள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு லோன் இருக்கும். நம் கணக்கில் நூறு ரூபாய் விழுந்தால் லோன்காரன் காத்திருந்து கொத்திக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பயந்து அக்கா கணக்கு நம்பரைக் கொடுக்காதவன் எங்கள் கடைத் தெருவில் ஒருவனும் இல்லை.

ஊரே கடையடைத்துக் கிடந்த காலத்தில்தான் நான் போனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அப்போதுதான் இந்த கிரிப்டோ வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணால் பார்க்க முடியாத காசு, கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே விலை ஏறுகிற காசு. விலை ஏறுவதையும் இறங்குவதையும் கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் ஒன்றும் கோடீஸ்வரனாக ஆசைப்படவில்லை. நூறு நூறாக, ஐநூறு ஐநூறாகப் போடலாம் என்றார்கள். நகைச்சீட்டு கட்டுகிற மாதிரி இதைக் கட்டலாமே என்று நினைத்தேன். வாங்கவும் விற்கவும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆப். அதில் சேர ஆதார் வேண்டும், பான் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும், மூன்றும் ஒரே பேரில் இருக்க வேண்டும், அந்தப் பேருக்கு உரியவரின் முகத்தையும் போனில் காட்ட வேண்டும். என் பேரில் சேர்ந்தால் விற்ற பணம் லோன்காரனுக்குப் போகும். டிராயரைத் திறந்தேன். அக்காவின் கவர் இருந்தது. இல்லாதது அவள் முகம் ஒன்றுதான்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா வாசலோரம் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“யக்கா, இதப் பாரு. கண்ணச் சிமிட்டு.”

“எதுக்குலே?”

“உன் பி.எஃப்.க்குத்தான். ஆதாரோட முகத்தையும் சேக்கணுமாம்.”

“இன்னொரு தடவ சிமிட்டச் சொல்லுது பாரு” என்று நான் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று போன் சொல்லச் சொல்லத் திரும்பினாள். “என்னலே இது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கான்” என்றாள். பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள். பச்சை நிறத்தில் டிக் விழுந்தது. அவ்வளவுதான். வாசல் தாண்டிப் பழக்கமில்லாத என் அக்கா, அந்த நிமிஷத்திலிருந்து வெளிநாட்டுக் கம்பெனியில் கிரிப்டோ வாங்கி விற்கும் வியாபாரி ஆகிவிட்டாள். அவளுக்கு அது தெரியாது.

கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மொத்தத்தில் பழுதில்லாமல் போனது. நடுவில் அரசாங்கம் வரி போட்டது. லாபத்தில் முப்பது சதவீதம், லாட்டரிப் பரிசுக்குப் போடுகிற மாதிரி. டீக்கடையில் எல்லோரும் கொதித்தார்கள். நான் ஒருவன்தான் சந்தோஷப்பட்டேன். “வரி வாங்குதான்னா ஒத்துக்கிட்டான்னுதான அர்த்தம்? திருட்டுச் சாமானுக்கு எவனாவது ரசீது போட்டு வரி வாங்குவானா?” என்று சவடால் பேசினேன். என் புத்தி அவ்வளவுதான். அரசாங்கம் வலது கையால் வரி வாங்கிக்கொண்டே இடது கையால் கழுத்தைப் பிடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே முறைப்படி பதிவு செய்யவில்லை, அவர்களுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, ஆப்களை முடக்கப் போகிறார்கள் என்றார்கள். பதிவு செய்யாமல் அவ்வளவு காலம் கடை விரிக்க விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் புதிதாக அந்த ஆப்பைப் போனில் ஏற்ற முடியாமல் போனது. ஏற்கனவே ஏற்றியிருந்தவர்களுக்குத் திக்கித் திக்கித் திறந்தது. இதில் காசு போட்டவர்களின் குழு ஒன்றில் நானும் இருந்தேன். அதில் மணிக்கு நூறு மெசேஜ். எடுங்கள், ஓடுங்கள், நாளைக்குப் பூட்டிவிடுவான்.

நானும் ஓடினேன். இருந்ததையெல்லாம் ஒரு டாலர் விலையிலேயே நிற்கும் ஒரு காயினாக மாற்றினேன். அதை ரூபாயாக்க அந்த ஆப்பில் ஒரு வழி உண்டு. முன்பின் தெரியாத ஒரு ஆள் நம் பேங்க் கணக்குக்கு ரூபாய் அனுப்புவான். வந்துவிட்டது என்று பார்த்த பிறகு நாம் பொத்தானை அழுத்திக் காயினை விடுவிக்க வேண்டும். ஒரு ஆள் கிடைத்தான். மொத்தம் அறுபத்திரண்டாயிரம். மூன்று தவணையாக அனுப்பினான். மூன்றும் மூன்று வேறு பேரிலிருந்து வந்தன. வாங்குகிறவன் பேரும் பணம் அனுப்புகிறவன் பேரும் ஒன்றாக இல்லாவிட்டால் விடுவிக்காதே என்று அந்த ஆப்பே சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். நாளைக்கு இருக்காதே என்ற பயம். கடையில் செம்புக் கம்பி தீர்ந்திருந்தது. மறுநாளே அந்த அறுபத்திரண்டாயிரத்தையும் எடுத்துக் கம்பி வாங்கிவிட்டேன். அந்த வாரமே ஆப் அடியோடு செத்தது.

அதே சமயத்தில்தான் அக்கா பாஸை ஒப்படைத்தாள். இருமல் வந்து விட்டு விட்டுத் தொந்தரவு செய்தது, விரல் மடங்க மறுத்தது. “போதும்லே, சுத்துனது” என்றாள். அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. இட்லி மாவு ஆட்டி விற்க வேண்டும். பெரிய கிரைண்டர் ஒன்றை டவுன் கடையில் பார்த்து வைத்திருந்தாள். நான் போய் அதன் மோட்டாரைத் தட்டிப் பார்த்து, தேறும் என்று சொன்னேன். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கிரைண்டர் வைக்கச் சிமெண்டில் ஒரு மேடை கட்டினாள். கொத்தனார் பூசிய பிறகு அது போதாதென்று அவளே ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். பி.எஃப். பணம் கணக்கில் விழுந்துவிட்டது என்று என் போனுக்கு மெசேஜ் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். என் கையில் சீனியை அள்ளி வைத்தாள்.

நல்ல நாள் பார்த்து எடுக்கலாம் என்று பத்து நாள் பொறுத்திருந்தாள். பிறகு தனியாகத்தான் போனாள், தன் கையெழுத்தைப் போட்டுத் தன் பணத்தைத் தானே எடுக்க வேண்டும் என்று. முற்பகல் பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேங்கில் யாரிடமோ கெஞ்சி வாங்கிப் பேசினாள்.

“ஏலே, சீக்கிரம் வா. என் மேல ஏதோ கேஸ் இருக்குங்காங்க.”

பைக்கை எடுத்தேன். பூ மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்று பேரிலிருந்து வந்த பணம். மேலாளர் நல்ல மனிதர்தான், திருநெல்வேலிக்காரர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வடக்கே ஒரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் இந்தக் கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த ஊர் சைபர் போலீஸ் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது. மொத்தக் கணக்கையும்.

“ஒம்பதாயிரத்த மட்டும் பிடிச்சு வைங்க சார். மிச்சம் முழுக்க இவ பி.எஃப். பணம். பீடி சுத்துன பணம்.”

“புரியுது சார். உத்தரவு அப்படி வந்திருக்கு. எங்க கையில ஒண்ணும் இல்ல.”

“அந்த ஒம்பதாயிரத்த நான் இப்பமே கட்டுதேன். விட்டுருங்க.”

“இங்க கட்ட வழியில்ல சார். அங்கேருந்து கடிதம் வரணும்.”

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. காவலாளி வந்து என் தோளைத் தொட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவள் பணம் எடுக்கும் சீட்டை நாலாக மடித்துக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு நின்றாள். “நான் என்ன சார் பண்ணுனேன், பீடிதான சுத்துனேன்?” என்று மேலாளரிடம் கேட்டாள். அத்தனை பேர் இருந்த அந்த இடத்தில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று கேட்டாள். “என் பேர்ல எவன்லே திருடுனான்?”

“தெரியலக்கா. பாக்கேன்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைக்கு நான் வாங்கிய தண்டனையை எந்தப் போலீஸும் கொடுத்திருக்க முடியாது. இரண்டு வருஷம் அந்தப் பொய்யோடு அவள் வீட்டுக்குப் போய் வந்தேன்.

அதன் பிறகு அலைந்த அலைச்சல். வடக்கே அந்த ஸ்டேஷன் முகவரிக்கு இமெயில் அனுப்பினேன். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது, பெட்டி நிரம்பிவிட்டதாம். போன் செய்தேன். எடுத்தவர் இந்தியில் பேசினார். நான் ஒரு காலத்தில் புனேயில் ஒரு வருஷம் வேலை பார்த்தபோது பொறுக்கிய இந்தியை வைத்துக் கெஞ்சினேன். கணக்குக்காரரை நேரில் கூட்டி வா என்றார். இரண்டு நாள் ரயில் பயணம். “போலீஸ் ஸ்டேஷன் வாசல இன்னைக்கு வரைக்கும் நான் மிதிச்சதில்ல. அதுக்கு ரயில் ஏறிப் போணுமா?” என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மதுரையில் வக்கீலைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கும் என்றார். அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

மாவட்ட சைபர் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பொறுமையாகக் கேட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதற்காகவே அவர் மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

“நீங்க காயின் வித்ததுக்கு ஆதாரம் இருக்கணுமே. அந்த ஆப்ல ரெக்கார்டு இருக்கும். அத எடுத்து அனுப்புனா, நீங்க ஏமாத்துன ஆள் இல்லன்னு அவங்களுக்குப் புரியும்.”

“ஆப் திறக்க மாட்டேங்குது மேடம்.”

“அது தடை பண்ணுன ஆப் சார். அதுக்குள்ள ஏன் போனீங்க?”

“தடை பண்ணுறதுக்கு முன்னாடி போனேன் மேடம். வெளிய வாரதுக்குள்ள பூட்டிட்டீங்க.”

அவர் ஒரு தாளில் தன் இமெயிலை எழுதிக் கொடுத்து, ஆப் எப்போதாவது திறந்தால் ரெக்கார்டை அனுப்பச் சொன்னார்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. பெர்மிட் இல்லாத பஸ் என்று சொல்லி நடுவழியில் மறிக்கிறார்கள். சரி, மறிக்கட்டும். கண்டக்டரையும் டிரைவரையும் தப்பி ஓட விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற சனத்தோடு கதவைப் பூட்டுகிறார்கள். பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தரிடமும் டிக்கெட் எங்கே என்று கேட்கிறார்கள். டிக்கெட் கண்டக்டர் பையில் இருக்கிறது அய்யா! ஏமாற்றியவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அந்த ஒன்பதாயிரத்தை இழந்தவனும் என் அக்கா மாதிரி ஒரு ஆள்தான். அவன் வயிறும் எரிந்திருக்கும். ஆனால் மூன்று பேரில் பணம் அனுப்பியவன் இன்றைக்கு வரை பிடிபடவில்லை. அவனைத் தேடி யாராவது போனதாகவும் தெரியவில்லை. தேடத் தேவையில்லாமல் பேங்கில் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்தவள் அக்கா. அவள் கணக்கைப் பூட்டியதோடு மறந்துவிட்டார்கள். பணத்தைக் காப்பாற்றத்தான் தடை என்று டிவியில் கோட்டுப் போட்டவர் ஒருவர் சொன்னார். யார் பணத்தை என்று கேட்டு டிவியோடு சண்டை போட்டேன். என் மனைவி டிவியை நிறுத்திவிட்டாள்.

கிரைண்டரை நான் வாங்கித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். ஒரு தடவையல்ல, நாலு தடவை. “உன் பணம் எதுக்குலே எனக்கு? என் பணம் பேங்க்ல கெடக்கு. வரும்” என்பாள். நான் ஏன் தர வேண்டும் என்பதைச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாளோ என்னவோ. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் அரட்டுகிற வாய், அந்த வீட்டு வாசலில் மட்டும் பசை போட்டு ஒட்டியது போல் ஆகிவிடும்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகுதான் அந்த விளம்பரம் வந்தது. திரும்பி வந்துவிட்டார்கள். விசாரித்தேன். அரசாங்கத்துக்கு அபராதம் கட்டினார்களாம், முறைப்படி பதிவு செய்தார்களாம், எல்லாம் சுமுகமாக முடிந்ததாம். அபராதம் யாருக்குப் போனது? அரசாங்கத்துக்கு. கதவு யாருக்குத் திறந்தது? கம்பெனிக்கு. நடுவில் மாட்டிய சனத்தைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருந்திருக்குமா? பெரிய ஆள் காசைக் கட்டிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே வருவான். பீடி சுற்றியவள் மட்டும் வெயிலில் நிற்க வேண்டும். இதை நினைத்தால் இப்போதும் கம்பி சுற்றும்போது சுற்றின் எண்ணிக்கை தப்பிவிடுகிறது.

ஆனாலும் ஆப் திறந்துவிட்டது என்றால் ரெக்கார்டு கிடைக்கும். அந்த விவசாயி டீ குடித்துவிட்டு வந்ததும், மோட்டார் நாளைக்குத்தான் என்று அனுப்பிவிட்டு ஆப்பை ஏற்றினேன். பழைய நம்பரைப் போட்டேன். திறந்தது. உடனே ஒரு வட்டம் வந்தது. உங்கள் பாதுகாப்புக்காக முகத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றது. என் பாதுகாப்பாம்.

கடையைச் சாத்திவிட்டு நடந்தே போனேன். இரண்டு தெருதான். கதவு திறந்திருந்தது. முன்னறையில், கிரைண்டருக்காகக் கட்டிய சிமெண்டு மேடையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் சொளவு. சொளவில் இலையும் தூளும். விரல்கள் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

“இது எப்பருந்துக்கா?”

“ஆவுது, நாலு மாசம். நீ வாரப்பம்லாம் எடுத்து உள்ள வச்சிருவேன். இன்னைக்குச் சொல்லாம வந்துட்ட.”

“பாஸ்தான் முடிச்சாச்சே?”

“பக்கத்து வீட்டுக்காரி பாஸ்ல சுத்துதேன். கூலி எனக்கு. பி.எஃப். அவளுக்கு. அவளும் பாவம், அவளுக்காவது சேரட்டும்.”

நான் மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். “யக்கா, கண்ணச் சிமிட்டணும்” என்றேன்.

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. “எதுக்குலே? இந்தத் தடவ முழுசாச் சொல்லு.”

இந்தத் தடவை என்றாளே, அந்த வார்த்தைதான் என் வாயைத் திறந்தது. சொன்னேன். கவர், டிராயர், லோன்காரன், காயின், மூன்று பேர், சிவப்பு எழுத்து, செம்புக் கம்பி. பேங்கில் நான் கத்தியபோது எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் இருபத்தைந்து பீடியை ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டி ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்போ அந்தத் திருடன் நீதானா?”

“ஆமாக்கா.” என் புத்தி போகிற போக்கில் மறுபடி ஆரம்பித்தேன். “ஆனா கவர்மெண்ட் செஞ்சது பாரு, பூட்டுனவன் அவன்தான, ரெக்கார்ட எடுக்க விடாம…”

“இருக்கட்டும்லே. கவர்மெண்ட நான் எங்கன போய்ப் பாக்க? நீதான் தெனமும் இந்த வாசல் வழியா போற.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கொண்டா போன” என்றாள். நீட்டினேன். இந்தப் பக்கம் திரும்பு என்றது, திரும்பினாள். அந்தப் பக்கம் என்றது, திரும்பினாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பச்சை டிக் விழுந்தது.

ரெக்கார்டு மூன்று வரிதான். நாள், நேரம், தொகை. மூன்று வரிக்காக இரண்டு வருஷம். அங்கேயே உட்கார்ந்து அதை எடுத்து, வடக்கே அந்த ஸ்டேஷனுக்கும் பேங்க்குக்கும் சைபர் பிரிவு மேடத்துக்கும் அனுப்பினேன். இந்த முறை மெயில் வடக்கேயிருந்து திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்ததா, யாராவது படிப்பார்களா என்பது தெரியாது. இதை எழுதும் வரைக்கும் பதில் இல்லை.

“இனி எத்தன நாளாவும்?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா” என்றேன். முன்பு வேப்பமரத்தடியில் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை அது உண்மை.

நான் எழுந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி பீடியைக் கம்பெனியில் ஒப்படைக்கப் புறப்பட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பாஸ் புத்தகத்தை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். “மறைக்காண்டாம். அவனுக்குத் தெரிஞ்சிட்டு” என்றாள் அக்கா. ஓரத்தில் இருந்த கட்டுகளை எடுத்து அவளுடைய பையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அக்கா அன்றைக்குச் சுற்றிய பீடி அத்தனையும் இன்னொருத்தி பேரில் ஏறப் போனது.